சிறுநீரகத் தழும்புக்கு நானோ மருந்து: எலியில் வேலை செய்வது நமக்கு எப்போது வரும்?

குறிஞ்சிமலர்

வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது, பல வருடமாகச் சர்க்கரை. கிரியாட்டினின் 2.1-இல் நிற்கிறது, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 35 என்று போட்டிருக்கிறார்கள். போன மாதம் பயாப்ஸி எடுத்தார்கள். அறிக்கையில் "இடைத்திசு ஃபைப்ரோசிஸ், சுமார் 30 விழுக்காடு" என்று ஒரு வரி இருந்தது. டாக்டர், "உள்ளே தழும்பு விழுந்திருக்கிறது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவோம்" என்று சொல்லி மாத்திரை மாற்றிக் கொடுத்தார்.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் வாட்ஸாப்பில் விளம்பரம் அனுப்பியிருக்கிறார். நானோ மஞ்சள் கேப்சூலாம். நேராகச் சிறுநீரகத்துக்குப் போய்த் தழும்பைக் கரைத்துவிடுமாம். மாதம் 6,800 ரூபாய். கீழே ஏதோ வெளிநாட்டு ஆய்வின் எலிப் படம் வேறு. அண்ணன் பணம் கட்டிவிடலாம் என்கிறார். மருத்துவம் படித்தவர்கள், நானோ துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கு மட்டும் போகும் நானோ மருந்து என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இளவேனில்

ஆய்வகத்தில் இருக்கிறது சகோதரி, பெரும்பாலும் எலியில். சிறுநீரக ஃபைப்ரோசிஸுக்கென்று மனிதருக்கு ஒப்புதல் பெற்ற நானோ மருந்து இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது. நான் பாலிமர் துகள்கள் செய்கிற ஆய்வகத்தில் இருக்கிறேன், மருத்துவன் இல்லை. அதனால் அப்பாவின் மாத்திரை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். துகள் உடம்புக்குள் எங்கே போகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் வடிகிறது. அவ்வளவு ரத்தம் போகிற உறுப்புக்கு மருந்து அனுப்புவது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2007-இல் குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நுண்படிகங்களை வைத்து எலிகளில் பார்த்தபோது, 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தவை மளமளவென்று வடிந்து சிறுநீரில் போய்விட்டன. அதைவிடப் பெரியவை வடிகட்டியைத் தாண்டவில்லை. தாண்டாதவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, சின்னதாகச் செய்தால் தங்காது, பெரிதாகச் செய்தால் வந்து சேராது.

கால்டெக்கில் மார்க் டேவிஸ் குழு 2011-இல் தங்கத் துகள்களைப் பல அளவுகளில் செய்து எலிக்கு ஊசியாகப் போட்டது. 75 நானோமீட்டரை ஒட்டியவை சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலஸ் என்ற தந்துகி முடிச்சுக்குள், தந்துகிகளைத் தாங்கி நிற்கும் மெசாஞ்சியல் செல்களில் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருடம் அதே குழு இன்னொன்றைக் கண்டது. மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏவைச் சுமந்த நேர்மின் பாலிமர் துகள்கள் குளோமெருலஸின் அடித்தளச் சவ்வுக்கு வந்ததும் அங்கேயே பிரிந்து உதிர்ந்தன. அந்தச் சவ்வில் ஹெபரான் சல்ஃபேட் என்ற எதிர்மின் பொருள் நிறைய இருக்கிறது, துகளின் கட்டை அவிழ்ப்பது அதுதான். சுமந்து வந்த மருந்து சிறுநீரோடு போயிற்று. சிறுநீரகம் நம் துகளைப் பிரித்துப் போட்டுவிடும் என்பதை நான் அந்தக் கட்டுரையில்தான் கற்றேன். இன்றும் புது மாணவர்களுக்கு முதலில் அதைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது 2015-இல் நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங்கிலிருந்து ரயன் வில்லியம்ஸ், டேனியல் ஹெல்லர் குழு வெளியிட்டது. அவர்களுடைய துகள் கிட்டத்தட்ட 400 நானோமீட்டர். உடம்பில் கரைகிற தையல் நூலுக்குப் பயன்படும் அதே பிஎல்ஜிஏ வகைப் பாலிமர், மேலே பெக் என்ற வழுவழுப்பான பாலிமர் பூச்சு. வடிகட்டியைத் தாண்ட வாய்ப்பே இல்லாத அளவு. ஆனாலும் சுண்டெலியில் மற்ற உறுப்புகளைவிட 7 மடங்கு வரை சிறுநீரகத்தில் சேர்ந்தது, அதிலும் வடிகட்டியை அடுத்து வரும் அண்மைக் குழலின் செல்களில். குழல்களைச் சுற்றி ஓடும் தந்துகிகளின் சுவர்ச் செல்கள் துகளை உள்வாங்கி மறுபக்கம் தள்ளுகின்றன, குழல் செல்கள் பின்பக்கமாக வாங்கிக்கொள்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இந்த ஆய்வுகளில் துகளை ரத்தநாளத்தில் ஊசியாகத்தான் ஏற்றினார்கள். வாயில் விழுங்கிய கேப்சூல் வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் கடந்து சிறுநீரகத் தழும்பைத் தேடிப் போகும் என்பதை மனிதரில் யாரும் காட்டியதில்லை.

பரணி

இளவேனில் அண்ணா, அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். கோவிட் தடுப்பூசியில் எம்ஆர்என்ஏவைக் கொழுப்புத் துகளில் வைத்து ஒரே வருடத்தில் உலகம் முழுக்கப் போட்டார்களே. அதே துகளைச் சிறுநீரகத்துக்கு அனுப்ப இன்னும் ஏன் வழி பிறக்கவில்லை?

இளவேனில்

தடுப்பூசி சதையில் போடுவது பரணி. கையிலும் பக்கத்து நிணநீர்க் கணுவிலும் வேலை நடந்தால் போதும், எந்த உறுப்பையும் தேடிப் போக வேண்டியதில்லை. அதே வகைத் துகளை ரத்தத்தில் ஏற்றினால் ஏபோஇ என்ற புரதம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் செல்லில் அதற்கு ஏற்பி இருக்கிறது. நேராக அங்கே போய்விடும். 2018-இல் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது, அது கல்லீரலில் உருவாகும் புரதத்தை அடக்குவதற்கான மருந்து.

சிறுநீரகக்காரர்களும் கல்லீரலை வைத்தே ஒரு வெற்றி பெற்றிருக்கிறார்கள். பிறவியிலேயே ஆக்சலேட் என்ற உப்பு கூடிக் குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு. அந்த ஆக்சலேட் உருவாவது கல்லீரலில். 2020-இல் வந்த லுமாசிரான் கல்லீரலுக்குப் போய் ஆக்சலேட் உருவாக உதவும் நொதியை அடக்குகிறது, காப்பாற்றப்படுவது சிறுநீரகம். ஃபைப்ரோசிஸுக்கு அப்படி ஒரு சுற்றுவழி கிடைக்கவில்லை. தழும்பு போடும் செல் சிறுநீரகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

மெய்யழகன்

நோய்க்குறியியல் லேபில் ஸ்லைடு தயாரிப்பது என் வேலை. 30 விழுக்காடு என்றால் என்ன என்று மலர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வீட்டில் எல்லோரும் அந்த எண்ணைத்தான் முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஊசியில் எடுத்து வரும் துண்டு பென்சில் முனை அகலம்கூட இருக்காது. அதை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, மேசன் டிரைக்ரோம் சாயம் போடுவோம். கொலாஜன் நீலமாகும். நல்ல சிறுநீரகத்தில் குழல்கள் ஒன்றோடொன்று முதுகு உரசுகிற நெருக்கத்தில் சிவப்பாக இருக்கும், நடுவே நீலம் கோடு போலத்தான் தெரியும். ஃபைப்ரோசிஸ் வந்த இடத்தில் குழல்கள் சுருங்கித் தள்ளித் தள்ளி நிற்கும், இடைவெளி முழுக்க நீலம். புறணிப் பகுதியில் அப்படி மாறிய பரப்பு எத்தனை விழுக்காடு என்று டாக்டர் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவார். 25-க்குள் இருந்தால் லேசானது, 50-ஐத் தாண்டினால் கடுமையானது என்பது பொதுவான கணக்கு. எடுத்த துண்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தும் எண் கொஞ்சம் மாறும்.

நீலமான பகுதியில் இன்னொன்றும் பார்க்கலாம். சின்ன ரத்தத் தந்துகிகள் அங்கே குறைந்துபோயிருக்கும். ரத்தத்தில் மருந்து ஏற்றி அந்த இடத்துக்கு அனுப்புவோம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். எங்கே மருந்து தேவையோ அங்கேதான் பாதை அடைபட்டிருக்கிறது.

மருத்துவர் கயல்

மெய்யழகன் சொன்ன கடைசி விஷயத்தை ஆய்வுக் கட்டுரைகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை, நன்றி. நான் சிறுநீரக மருத்துவர். மலர், உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

அந்தக் கேப்சூலை வாங்க வேண்டாம். சமையலில் போடும் மஞ்சளில் பிரச்சினை இல்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிந்து பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கனடாவில் பெருநாடி வீக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளவிருந்த 606 பேரிடம் குர்குமின் சிறுநீரகத்தைக் காக்குமா என்று முறையாகச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். காக்கவில்லை. மாறாக, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு குர்குமின் குழுவில் 17 விழுக்காடு, போலி மாத்திரைக் குழுவில் 10 விழுக்காடு. இஜிஎஃப்ஆர் 35 உள்ளவருக்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

அப்பாவுக்கு மாற்றிக் கொடுத்த மாத்திரையில் டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். 2020-இல் வந்த டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேர். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதியாகக் குறைவது, சிறுநீரகம் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது எல்லாம் சேர்த்து 39 விழுக்காடு குறைந்தது. அதே வருடம் வந்த ஃபினரினோன் ஆய்வில் சர்க்கரை உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு 18 விழுக்காடு. சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களுக்கு 2024-இல் செமாகுளூடைடு ஆய்வில் 24 விழுக்காடு. இவை எதுவும் விழுந்த தழும்பைக் கரைப்பதில்லை. புதிதாக விழுவதைத் தாமதப்படுத்துகின்றன. டாபாவின் காப்புரிமை நம் நாட்டில் முடிந்துவிட்டது, பல கம்பெனிகள் போடுகின்றன, விளம்பரத்தில் கேட்கும் தொகையில் சின்னப் பங்குக்கு மாதம் முழுக்க மாத்திரை கிடைக்கும்.

நானோ என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். டயாலிசிஸ் வார்டில் அடர்பழுப்பாக 5 மில்லி குப்பியில் வருமே அயர்ன் சுக்ரோஸ், 100 மில்லிகிராம் இரும்பு, சலைனில் கலந்து ஏற்றுவோம். அது சர்க்கரை உறை போட்ட இரும்பு நானோ துகள்தான்.

வவுனியா நிலவன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கட பக்கத்தில் இந்த வருத்தம் வேற மாதிரி. அனுராதபுரம், பொலன்னறுவை, பதவிய, வவுனியாவின் சில கிராமங்கள் வரைக்கும் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத கமக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகுது. தொண்ணூறுகளில இருந்து தெரிய வந்த விசயம், காரணம் இன்னும் முடிவாகவில்லை. தண்ணி, வெக்கை, விவசாய மருந்து என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுகினம். பயாப்ஸி எடுத்தால் குளோமெருலஸ் ஓரளவு நல்லா இருக்கும், குழலுக்கும் இடைத்திசுவுக்கும்தான் அடி. எங்கட சித்தப்பா ஒருவர் அப்பிடித்தான் கிளினிக்குக்குப் போய் வாறார். சிறுநீரில் புரதம் பெரிசாக இல்லை என்கிறதால கனகாலம் கண்டுபிடிபடவே இல்லை.

இளவேனில் அண்ணை சொன்ன 400 நானோமீட்டர் துகள் குழலுக்குத்தானே போகுது. அப்ப எங்கட ஆக்களுக்கு அது கூடப் பொருத்தமோ? டாக்டர் அக்கா சொன்ன மருந்துகள் இவைக்கும் வேலை செய்யுமோ?

மருத்துவர் கயல்

நிலவன், முக்கியமான கேள்வி. டாபா-சிகேடியில் சேர வேண்டுமென்றால் சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்பதைக் காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் குறைந்தது 200 இருக்க வேண்டும். உங்கள் சித்தப்பா போன்றவர்கள் அதில் வந்திருக்கவே மாட்டார்கள். எம்பாக்ளிஃப்ளோசினை வைத்துச் செய்த எம்பா-கிட்னி ஆய்வில் 6,609 பேர். அதில் இஜிஎஃப்ஆர் 20-க்கும் 45-க்கும் இடையில் இருந்தவர்களைப் புரதம் போகிறதா இல்லையா என்று பார்க்காமலே சேர்த்தார்கள். சிறுநீரக நோய் முற்றுவதும் இதய நோயால் இறப்பதும் சேர்த்து ஒட்டுமொத்தமாக 28 விழுக்காடு குறைந்தது. புரதம் குறைவாக இருந்தவர்களுக்கு இஜிஎஃப்ஆர் இறங்கும் வேகமும் மெதுவானது. அதனால் கிளினிக் டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை. இந்த மாத்திரை சிறுநீரை அதிகப்படுத்தும். வெயிலில் வேர்க்க வேர்க்க வயலில் நிற்பவருக்கு நீர்ச்சத்து குறையும் ஆபத்து உண்டு. வாந்தி, பேதி, காய்ச்சல் நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டும். அதையும் டாக்டரிடம் பேசித்தான் தொடங்க வேண்டும்.

இளவேனில்

நிலவன், துகள் விஷயத்துக்கு என் பதில்: கொள்கையளவில் ஆமாம். குழல் செல் அடிபட்டால் அதுதான் அக்கம்பக்கத்துக்கு டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகளை அனுப்பித் தழும்பைத் தொடங்கிவைக்கிறது. அதனால் குழலிலேயே மருந்தை வைத்துச் சமிக்ஞையை அடக்குவது ஒரு வழி. அண்மைக் குழல் செல்லின் உள்பக்கத்தில் மெகாலின் என்ற ஏற்பி இருக்கிறது, வடிந்து வரும் சின்னப் புரதங்களை அதுதான் திரும்ப எடுத்துக்கொள்ளும். நெதர்லாந்தில் குரோனிங்கன் குழு லைசோசைம் என்ற சின்னப் புரதத்தில் மருந்தைக் கோத்து இந்த வழியாக அனுப்பியது. கலிபோர்னியாவில் யூன் ஜி சங் குழு மெகாலினைப் பிடிக்கும் பெப்டைடு என்ற சின்னப் புரதத் துணுக்கைப் போட்ட மிசெல்கள் என்ற நுண்ணிய உருண்டைகளைச் செய்கிறது.

ஆனால் கொலாஜனை நெய்கிறது மயோஃபைப்ரோபிளாஸ்ட். அது குழலுக்கு வெளியே, இடைத்திசுவில். மனிதச் சிறுநீரகத்தைச் செல் செல்லாகப் பிரித்துப் பார்த்த 2021 ஆய்வு, இவை பெரும்பாலும் தந்துகிகளைச் சுற்றி இருக்கும் பெரிசைட்டுகளிலிருந்தும், இடைத்திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளிலிருந்தும் வருகின்றன என்று காட்டியது. மெகாலின் அங்கே உதவாது. இவற்றின் மேல் இருக்கும் பிடிஜிஎஃப் ஏற்பியைப் பிடிக்கும் துகள்களும் எலியில் செய்து பார்க்கப்படுகின்றன.

மருந்தை உடம்பு முழுக்கக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். டிஜிஎஃப்-பீட்டா1-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியை நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் புரதமே இல்லாமல் பிறக்கும் சுண்டெலிகள் உடம்பெங்கும் அழற்சி வந்து சில வாரங்களில் செத்துப்போகும். அதை எல்லா இடத்திலும் அடக்க முடியாது என்பதால்தான் குறிவைத்து அனுப்புகிற வேலைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறோம். ஆராய்ச்சியாளர்கள் நாகரிகத்துக்காக நானோ நானோ என்கிறார்கள் என்று சிலர் நினைப்பது எனக்கு வருத்தம் தரும்.

மருத்துவர் கயல்

அந்த மெனக்கெடலை மதிக்கிறேன் இளவேனில். ஆனால் எலி மாதிரியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் கணிசமானவை யூயூஓ மாதிரியை வைத்தே எழுதப்படுகின்றன. அதாவது எலியின் ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயைக் கட்டிவிடுவது. ஒன்று, இரண்டு வாரத்தில் அந்தச் சிறுநீரகம் வீங்கித் தழும்பாகிவிடும். மறு சிறுநீரகம் நன்றாக இருப்பதால் கிரியாட்டினின் ஏறாது. மருந்து சிறுநீரகத்தின் வேலையைக் காப்பாற்றியதா என்று கேட்கவே வழியில்லை. நீலப் பரப்பு குறைந்தது என்று மட்டும் எழுதுவார்கள். என் நோயாளிக்குத் தழும்பு பல வருடமாக விழுந்திருக்கிறது. கட்டிய நாளிலேயே மருந்தையும் தொடங்கிய எலி அவருக்கு என்ன சொல்லித்தரும்?

அடிபட்ட சிறுநீரகத்தில் நாளங்கள் கசியும், கண்டதை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து குவியும். எந்தத் துகளைப் போட்டாலும் கொஞ்சம் அங்கே சேரத்தான் செய்யும். அதைக் குறிவைத்ததன் வெற்றி என்று எழுதுவது சரியா?

இளவேனில்

சரியில்லை. அதனால்தான் பெப்டைடு போட்ட துகளோடு, பெப்டைடு போடாத அதே அளவுத் துகளையும், அமினோ அமில வரிசையைக் கலைத்துப்போட்ட போலிப் பெப்டைடு உள்ளதையும் ஒப்பிட வேண்டும் என்று எங்கள் துறையிலேயே சண்டை போடுகிறோம். யூயூஓவில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழாய் கட்டப்பட்ட சிறுநீரகத்தில் வடிகட்டல் வெகுவாகக் குறைந்துவிடுவதால், வடிந்து உள்ளே போக வேண்டிய சின்னத் துகள் சரியாகப் போகாது. மெகாலின் வழியை அங்கே சோதிப்பதில் பெரிய அர்த்தமில்லை.

பரணி

அப்படியென்றால் நானோ துகள் சிறுநீரகத்தைக் காப்பாற்றிய உதாரணமே இல்லையா?

இளவேனில்

உண்டு, எதிர்த்திசையில். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது லிப்போசோமல் ஆம்போடெரிசின் கிடைக்காமல் நாடே அலைந்தது நினைவிருக்கும். பழைய ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து. அதைக் கொழுப்புத் துகளில் அடைத்ததும் சிறுநீரகத்துக்கு வரும் கேடு வெகுவாகக் குறைந்தது. மருந்தைச் சிறுநீரகத்துக்குப் போகாமல் தடுக்க நானோ துகள் நன்றாகவே உதவுகிறது. போக வைப்பதுதான் இன்னும் கைவரவில்லை.

இன்னொரு யோசனை எனக்கு ஆர்வமாக இருக்கிறது. 2022 ஜனவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, துகளை உறுப்புக்கே அனுப்பாமல் ரத்தத்தில் இருக்கும் டி செல்லுக்கு அனுப்பியது. துகளில் இருந்த எம்ஆர்என்ஏ அந்த டி செல்லைத் தழும்பு போடும் செல்களைத் தேடி அழிக்கும்படி தற்காலிகமாக மாற்றியது. சுண்டெலியின் இதயத்தில் ஃபைப்ரோசிஸ் குறைந்தது, இதயத்தின் வேலையும் முன்னேறியது. டி செல்லுக்குத் திசுவுக்குள் நுழையத் தெரியும், வடிகட்டி அளவு பற்றிய கவலையே இல்லை.

மருத்துவர் கயல்

அதைப் படித்தேன். புண் ஆறவும் அந்தச் செல்கள் வேண்டும். காலில் புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளிக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

குறிஞ்சிமலர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன், டாபாக்ளிஃப்ளோசின் 10 இருக்கிறது, டெல்மிசார்டனும் இருக்கிறது. அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பினேன், பணம் கட்டவில்லை. அவர் இப்போது கேட்பது, மாத்திரை தொடங்கியபின் கிரியாட்டினின் 2.1-லிருந்து 2.3 ஆகியிருக்கிறதே, நிறுத்திவிடலாமா என்று.

மருத்துவர் கயல்

நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடங்கிய முதல் வாரங்களில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்குவது இந்த மருந்தில் எதிர்பார்த்ததுதான். குளோமெருலஸுக்குள் இருக்கும் அழுத்தம் குறைவதால் வருவது, பிறகு இறங்கும் வேகம் மட்டுப்படும். இந்த அளவு மாற்றம் பொதுவாக ஏற்றுக்கொள்ளக்கூடியது, இருந்தாலும் உங்கள் டாக்டருக்கு எண்ணைச் சொல்லிவிடுங்கள். பொட்டாசியமும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், பூஞ்சைத் தொற்று இதில் வரும். வலி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

வவுனியா நிலவன்

டாக்டர் அக்கா, சித்தப்பாவின் அடுத்த கிளினிக்கில் இதைக் கேட்கிறோம். இளவேனில் அண்ணை, கடைசியா ஒன்று. இனி எப்படியான ஆய்வு வந்தால் நாங்கள் நம்பலாம்?

இளவேனில்

நான் என் மாணவர்களிடம் கேட்பதையே சொல்கிறேன். தழும்பு நன்றாக விழுந்த பிறகு மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட விலங்காக இருக்க வேண்டும், அப்போதுதான் வடிகட்டும் திறனை அளக்க முடியும். கல்லீரலில் எவ்வளவு போயிற்று என்ற எண்ணை ஒளிக்காமல் போட்டிருக்க வேண்டும். பலமுறை ஊசி போட்ட பிறகும் பெக் பூச்சுக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கவில்லை என்று காட்ட வேண்டும், ஏனென்றால் இது ஒரு தடவை கொடுத்து முடிகிற மருந்து இல்லை, வருடக்கணக்கில் போக வேண்டியது. அப்புறம் சுண்டெலியோடு நிற்காமல் பன்றியில் செய்திருக்க வேண்டும், அதன் சிறுநீரகம் அளவிலும் அமைப்பிலும் நம்முடையதுக்கு நெருக்கம்.

மருத்துவர் கயல்

இதோடு என் பக்கத்திலிருந்து ஒன்று. அந்த விலங்குகளுக்கு டாபாக்ளிஃப்ளோசினும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அதற்கு மேல் உங்கள் துகள் எவ்வளவு சேர்த்துத் தருகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.